பூஜையில் வைத்த நகல்

பயணநாள் 1146, காலை 07:30
கப்பல்: பொருநை. விழித்திருப்பவர்: ஒருவர் (இசக்கியப்பன், கணினிப் பராமரிப்பு). உறங்குபவர்கள்: 38.
காற்றழுத்தம்: சரி. நீர் மறுசுழற்சி: சரி. தகவல்தள பேக்கப்: சரி.
உப்புமா. மூன்றாவது நாளாக உப்புமா. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

பயணநாள் 1147, காலை 06:10
சேமிப்பு வட்டு ஒன்று செத்தது. அதன் வேலையை ஏற்க வந்த மாற்று வட்டும் பாதி வழியில் செத்தது.
இந்த நோட்டு யார் கையில் கிடைக்குமோ தெரியாது, ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். கப்பலில் இருப்பது ஒரே ஒரு சர்வர். அதற்குள் பதினொரு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஒன்று காற்றைப் பார்க்கிறது, ஒன்று தண்ணீரைப் பார்க்கிறது. ஏழாவது, மருத்துவத் தகவல்தளம். வட்டுகள் செத்ததும் பதினொன்றும் நின்றன. பத்து எழுந்துவிட்டன. ஏழாவது மட்டும் எழவில்லை.
உறங்கும் 38 பேருக்கும் பத்து நாளைக்கு ஒருமுறை ஊசி; அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. யாருக்கு எவ்வளவு என்பது அந்தத் தகவல்தளத்தின் அட்டவணையில்தான் இருக்கிறது. அடுத்த ஊசி நாளை மாலை ஆறு மணிக்கு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட முடியாது.

07:05
தரை நிலையத்துக்குச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேர எழுபது நிமிடம், திரும்பி வர எழுபது நிமிடம்.

09:30
பதில் வந்தது. பணியில் இருப்பது ஜெபசெல்வி. தூத்துக்குடிப் பெண். நான் பாளையங்கோட்டை என்று தெரிந்த நாள் முதல் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.
"அண்ணாச்சி, பதறாதீங்க. நேத்து எடுத்த பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணிட்டு ஒரு வரி போடுங்க, போதும். நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை?"
மூன்று முறை கேட்டேன். கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னும் இரண்டு முறை.

10:15
நேற்றைய பேக்கப் இல்லை. முந்தாநாளுடையதும் இல்லை. 212 நாட்களாக எதுவுமே இல்லை.
இந்த நோட்டில் பின்னால் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் "பேக்கப்: சரி" என்று இருக்கும். என் கையெழுத்துதான். நல்ல கையெழுத்து. முந்தைய பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதி, நாள் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

10:50
நடந்தது இதுதான். நாள் 935 ஆயுத பூஜை. ஊரில் அன்று கருவிகளைத் தொடமாட்டோம். அரிவாள்மணை முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் ஓய்வு. சர்வரை நிறுத்த முடியாது, அது மூச்சு. பேக்கப் வேலைக்காவது ஒருநாள் ஓய்வு கொடுப்போம் என்று அதை நிறுத்தினேன். நிறுத்துமுன் ஒரு தனி வட்டில் முழு நகல் எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தேன். டாக்டர் உமையாளும் அப்போது விழித்திருந்தார். சுண்டல் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.
மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து வேலையைத் தொடங்க வேண்டிய நாள். அன்று தண்ணீர்க் குழாய் கசிந்தது, அதைப் பார்த்தேன். பேக்கப்பை நாளைக்குத் தொடங்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அந்த நினைப்பே வரவில்லை.
பேக்கப் எடுக்கும் வேலையைத்தான் நிறுத்தினேன். முப்பது நாளைத் தாண்டிய பழைய நகல்களை அழிக்கும் வேலை தனி. அதை நிறுத்தவில்லை. அது என்னைப் போல இல்லை, ஒழுங்காக வேலை செய்தது. தினம் ஒரு நகலாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.
மிச்சம் இருப்பது படத்தின் முன்னால் இருக்கும் அந்த வட்டு ஒன்றுதான். குங்குமம் காய்ந்து உதிர்ந்திருக்கிறது.

11:30
இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த 212 நாட்களில் டாக்டர் ஆறு பேருக்கு ஊசி அளவை மாற்றினார். ஆறாவது அவரே, உடல் இளைத்துவிட்டதால் தன் அளவையும் மாற்றிக்கொண்டார். ஒன்பது நாளைக்கு முன் உறங்கப் போகும்போது உறக்கப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டே கேட்டார்:
"பேக்கப் எடுத்தாச்சா இசக்கி?"
"ஆச்சு டாக்டர்" என்றேன். மூடியை நானேதான் மூடினேன்.
அந்த ஆறில் எனக்கு நினைவிருப்பது பெட்டி 11 மட்டும். மற்றவை அவருக்குத்தான் தெரியும். அவரை எழுப்பவும் ஊசிதான், அதற்கு அவருடைய புதிய அளவு வேண்டும். அது செத்துப்போன அட்டவணையில் இருக்கிறது.

12:10
தரை நிலையத்துக்கு முதலில் "பேக்கப் கோப்புகளில் வாசிப்புப் பிழை" என்று எழுதினேன். என்ன அழகான சொற்றொடர். யார் மேலும் பழி விழாது. அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி அனுப்பினேன். அனுப்பிய பிறகு கைகழுவும் இடத்தில் கண்ணாடியைப் பார்க்காமல் முகம் கழுவினேன்.

14:35
"பூஜை நாள் காப்பிய ஏத்துங்க அண்ணாச்சி. டாக்டரைப் பழைய அளவுலயே எழுப்புங்கன்னு இங்க உள்ள மருத்துவர் சொல்றாரு. அளவு கூடினா கடைசி சில மாசம் ஞாபகம் போகலாம். வேற வழி இல்ல. எழுந்ததும் எல்லாத்தையும் சொல்லிருங்க." முடிவில் ஒன்றைச் சேர்த்திருந்தாள்: "பெட்டி இருபத்தாறுல இருக்கது என் தம்பி ரூபன். உங்களுக்குத் தெரியும்."
திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

15:40
ஒரு காலி மெய்நிகர் கணினியில் நகலை ஏற்றினேன். திறந்தது. அட்டவணை முழுதாக இருக்கிறது, 212 நாள் பழையதாக. பெட்டி 11-ஐ மட்டும் என் நினைவிலிருந்து திருத்தினேன்.
பேக்கப்பை இப்படி ஏற்றித் திறந்து பார்ப்பதுதான் மாதாந்தரப் பரிசோதனை. செய்ததாக ஏழு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்று நேரம் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஏழு மாதத்தில் எனக்குக் கிடைக்காத நாற்பது நிமிடம்.

பயணநாள் 1148, காலை 09:00
டாக்டரை எழுப்பத் தொடங்கினேன். பழைய அளவு.

13:20
கண் விழித்தார். நாடி சரி. பேச்சு சரி. என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்றைக்குப் பூஜை வைக்க வேண்டுமல்லவா, கடலை ஊறப்போட்டாயிற்றா என்று கேட்டார்.
ஜெபசெல்வி சொன்னது நடந்துவிட்டது. பூஜைக்குப் பிறகு எதுவும் அவரிடம் இல்லை.
தான் ஏன் பெட்டிக்குள் இருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்தார். பிறகு பழக்கத்தில் கேட்டார்:
"பேக்கப் எடுத்தாச்சா இசக்கி?"
"ஆச்சு டாக்டர்."
என் வாய்தான். நான் யோசிக்கக்கூட இல்லை.

14:50
அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். போர்த்திவிட்டேன். விளக்கைக் குறைத்தேன். ஒன்றரை மணி நேரமாக இந்த மாதிரி வேலைகளாகப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் உள்ளே போகிறேன். அவர் நன்றி சொல்கிறார், வெளியே வந்துவிடுகிறேன்.
வாயால் முடியாது. இந்த நோட்டை அவர் மடியில் வைத்துவிட்டு வரப்போகிறேன். கேவலம். ஆனால் இந்த ஒன்றாவது

15:05
(வேறு கையெழுத்து) உமையாள், மருத்துவர். படித்தேன்.
மாற்றிய அளவுகள் எதுவும் எனக்கு நினைவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துப் புதிதாகக் கணக்குப் போடலாம். ஒருவருக்கு இருபது நிமிடம். தள்ளிப்போட முடிந்த கடைசி நேரமான எட்டு மணி வரைக்கும் எடுத்துக்கொண்டாலும் பதினான்கு பேர்தான். வயதானவர்களிலிருந்து தொடங்குகிறேன். இளையவர்கள் தாங்குவார்கள் என்று நம்புகிறேன்.
விழித்தவுடன் சொல்லியிருந்தால் இன்னும் ஐந்து பேரைப் பார்த்திருப்பேன்.

20:00
பதினான்கு பேரைப் பார்த்தேன். மூன்று பேருக்கு அளவு மாற்ற வேண்டியிருந்தது, மாற்றினேன். எனக்கு இனி ஊசி தேவையில்லை. நோட்டில் உள்ள கணக்குப்படி பெட்டி 11, நான், இந்த மூவர் போக ஆறில் இன்னும் ஒருவர் மிச்சம். யார் என்று தெரியவில்லை. வரிசையில் பதினைந்தாவதாக இருந்தது பெட்டி 26.
எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று, பார்க்காதவர்களுக்கு அட்டவணையில் உள்ள அளவிலேயே.

20:52
பெட்டி 26, ரூபன், வயது 31: நாடி நின்றது. மீட்க முடியவில்லை. மற்றவர்கள் நிலை சரி.
அவருடைய அக்காவுக்குச் செய்தியை நான் அனுப்பினேன். இசக்கியப்பன் தானே சொல்வதாகச் சொன்னார். ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தாமலே எழுந்துவிட்டார்.

23:00
பேக்கப் வேலையை அவர் மறுபடி தொடங்கிவிட்டார். புதிய நகலை எடுத்து, ஏற்றித் திறந்தும் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தார்.
இன்றைய வரியை அவரே எழுத வேண்டும் என்று பேனாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பக்கத்தின் அடியில் தலைப்பை எழுதினார். அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

தகவல்தள பேக்கப்: