கிண்ணத்தின் அடியில் ஒட்டிய லேபிள்

கோபித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரருக்கு,

நம் கடையின் பழைய இத்தாலியக் கண்ணாடிக் கிண்ணத்தைச் செய்தவர் யாரென்று சொல்லும் சான்றிதழில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அடிப்பக்கமெல்லாம் வருடக்கணக்கில் விழுந்த கீறல்கள். அவற்றின் மேல் ஒட்டியிருந்த பேர்போன கண்ணாடிப் பட்டறையின் லேபிளில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. ஒட்டியது நீங்கள்தான்.

"எவன்டி கவுத்துப் பாக்கப் போறான்?" என்று கேட்டீர்கள். நான் பார்த்தேனே!

உங்கள் அக்கா வீட்டிலேயே எத்தனை நாள் வேண்டுமானாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருங்கள். "இத்தாலி. செய்தவர் தெரியவில்லை" என்று எழுதி, கிண்ணத்தைக் கடை வாசலில் எல்லோரும் பார்க்க வைத்துவிட்டேன்.

லேபிளை வீணாக்கவில்லை. பதமாக உரித்து உங்கள் டீ டம்ளரின் அடியில் ஒட்டியிருக்கிறேன். வந்தால் இத்தாலி டம்ளரிலேயே குடிக்கலாம்.

இதில் மட்டும் கையெழுத்திடும்,
உங்கள் மனைவி