பாண்டிச்சேரி தூரம்னு சொன்னீங்களே

என் ஆசை அப்பாவுக்கு,

ரஞ்சன்குடியில் உங்கள் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு, பஸ் ஏறி நேற்றுத்தான் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தேன். அழுகை நின்றுவிட்டது. இப்போது கோபம்தான் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கல்யாணமாகி இந்த ஏழு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணிக் கூப்பிட்டேன். நீங்க ஒரே பதிலைத்தான் வைத்திருந்தீங்க. "தூரம் பாப்பா. உளுந்தூர்பேட்டை தாண்டறதுக்குள்ள இடுப்பு விட்டுப் போவுது. வெங்காயம் எடுத்ததும் ஒரு மூட்டையோட வரேன்." நானும் நம்பினேன்.

காரியத்தன்று சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயிற்று வலிக்குப் பெரம்பலூர் டாக்டரிடம் காட்டுவதாகத்தானே என்னிடம் சொல்லியிருந்தீங்க? "இல்ல பாப்பா. உங்க ஊரு பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஆறு தடவ கூட்டிட்டு வந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தா பீச்சுல போயி உக்காந்துப்போம்" என்றார் சித்தப்பா.

அந்தக் கடற்கரையிலிருந்து என் வீடு இரண்டு தெரு, அப்பா.

ஒரு நாள் நான் பையனை ஸ்கூலிலிருந்து கூட்டிக்கொண்டு உங்களுக்கு எதிரிலேயே போயிருக்கிறேன். சித்தப்பா என்னைக் கூப்பிட வாயெடுத்தாராம். நீங்க அவர் கையைப் பிடித்து நிறுத்திட்டீங்களாம். "வேணாம்டா. வெங்காயமும் மழைல அழுவிப் போச்சு. சீக்காளியா, வெறுங்கையோட சம்பந்தி வூட்டுப் படி ஏறினா பாப்பாவ என்ன நெனப்பாங்க?"

என்ன நினைப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தீங்களா? நேற்று நான் சொன்னதும் என் மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு வாய் கஞ்சி வெச்சுக் குடுத்திருக்க மாட்டேனா? என்னைய என்னன்னு நெனச்சுட்டாரு உங்கப்பா?" அவரும் உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறார்.

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு மூட்டையோடுதான் போகணும் என்று எவன் எழுதி வைத்தான்? நான் வெங்காயத்துக்கா காத்திருந்தேன்? பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஆறு நாள் இருந்திருக்கிறது. ஆறையும் கொடுக்காமல் போயிட்டீங்க. நானும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அந்த எரிச்சலும் இதில் சேர்ந்துதான் இருக்கிறது.

இன்று காலை அம்மா போன் பண்ணினார். கண்ணில் புரை, ஆபரேஷன் பண்ணணுமாம். "பாண்டிச்சேரியில நல்லா பாக்குறாங்களாம். சித்தப்பாவோட வந்து காட்டிட்டு அப்படியே திரும்பிடுறேன். உனக்கெதுக்கு சிரமம்?" உங்கள் பேச்சேதான்.

வெள்ளிக்கிழமை ரஞ்சன்குடிக்கு வருகிறேன். ஒரு முருங்கைக்காயைக்கூட எடுக்க விடமாட்டேன். அம்மாவைக் கூட்டி வந்து, வெறுங்கையோடு என் வீட்டுப் படி ஏற வைப்பேன். இது சத்தியம். உங்களை மன்னிப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு எப்போதும் வெறுங்கையோடு வந்தே பழகிய
உங்கள் மகள்