எரியும் ஊசி இரண்டாவது

பிப்ரவரி 4, புதன்
தடுப்பூசி நாள். அறுபத்தொரு குழந்தைகள். வழக்கம்போல அம்மாக்கள் வெளி பெஞ்சில். குழந்தையை மேசையில் படுக்க வைத்து, முழங்காலை அழுத்திப் பிடித்து, தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி. இரண்டில் அதிகம் எரிவதை முதலில் போட்டுவிடுவேன். கஷ்டமானதை முதலில் முடித்துத் தொலைப்பது என் பழக்கம். பரீட்சையும் அப்படித்தான் எழுதினேன்.

தங்கை தன் குட்டியைக் கொண்டுவந்தாள். எட்டு வருடம் காத்திருந்து பெற்ற பெண். அவளையும் வெளியேதான் உட்கார வைத்தேன். சொந்தக்காரி என்று சலுகை காட்ட முடியுமா? குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை வாங்கிக்கொண்டு போகும்போது தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 5
தங்கை போனில்: "அடுத்த தடவை நீ போட வேண்டாம்க்கா. வேற எங்கயாவது போட்டுக்கறேன்."
என் கையில் என்ன குறை என்று கேட்டேன்.
"கையில ஒண்ணுமில்ல. அவ மூச்சு முட்டி அழறா, நீ அடுத்த டோக்கனைக் கூப்பிடற."
கூப்பிட்டேன்தான். வரிசை நகர வேண்டாமா?

பிப்ரவரி 11, புதன்
புது டாக்டரம்மா ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுத்தார். ஊசி முடிந்ததிலிருந்து அழுகை நிற்கும்வரை எத்தனை வினாடி என்று எழுத வேண்டுமாம். ஊசி போட்டால் குழந்தை அழும். இதற்கொரு கடிகாரம்! எழுதினேன். சராசரி தொண்ணூற்றிரண்டு.

பிப்ரவரி 18, புதன்
இன்று அம்மாக்கள் உள்ளே. மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஊசி. புரையேறினால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். ஒரு குழந்தைக்கும் ஏறவில்லை.

"எரியறதை ரெண்டாவதா போடுங்க சிஸ்டர். அது முதல்லயே எரிஞ்சுட்டா, அடுத்ததும் சேர்ந்து வலிக்கும்" என்றார் டாக்டரம்மா, ஏதோ ஜன்னலைச் சாத்தச் சொல்வதுபோல.

இருபத்திரண்டு வருடமாகத் தலைகீழாகவா போட்டேன்?

வரிசை ஊர்ந்தது. ஒரு அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். சராசரி முப்பத்தொன்று.

பிப்ரவரி 25
டாக்டரம்மா லீவு. பழையபடி போட்டுத் தள்ளியிருக்கலாம், கேட்க ஆளில்லை. செய்யவில்லை. இருபத்தெட்டு.

மார்ச் 4, புதன்
குட்டிக்கு இன்று இரண்டாம் தவணை. வரவில்லை. கடைசி டோக்கன் வரை எட்டி எட்டிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

மார்ச் 7
தங்கை வீட்டுக்குப் போனேன். வேறு ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டாளாம்.

"அங்கயும் என்னை வெளியதான் நிக்க வெச்சாங்க. ரெண்டு பேர் பிடிச்சாங்க."

ஸ்டாப்வாட்ச் கணக்கு முழுவதையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அதெல்லாம் சரிக்கா. அன்னிக்கு நீ செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். பஸ் வர இன்னும் அரை மணி இருந்தது.

மார்ச் 8
போனில் சொல்லிவிட்டேன். "தப்புதான்டி. அவ அழுதது எனக்குக் கேட்டுது. கேக்காத மாதிரி இருந்தே பழகிப்போச்சு."

அவள் போனை வைக்கவில்லை.

மார்ச் 18
இருபத்தாறு. ஸ்டாப்வாட்சுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 1, புதன்
டோக்கன் பதினேழு — தங்கை. மூன்றாம் தவணை. நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். குட்டி நன்றாகக் குடிக்க ஆரம்பிக்கும்வரை நின்றேன். எரியாதது முதலில்: கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடித்தாள். எரிவது இரண்டாவது: வாயை விட்டுவிட்டு ஓர் அலறல், பிறகு தானாகவே பிடித்துக்கொண்டாள். பதினாலு வினாடி.

எழுதிவிட்டேன். வேலை முடிந்தது. ஆனாலும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"தூங்கிட்டாக்கா," என்றாள் தங்கை. "அடுத்த டோக்கனைக் கூப்பிடு."