இடுப்பில் நான்கு ஸ்குரூ

சின்ன காஞ்சிபுரம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள குமாரவேல் அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை கலாவதி வணக்கத்துடன் எழுதுவது. புனேயில் நீங்களும் சந்தியா அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். போனில் பேசினால் என் வீட்டுக்காரர், உங்கள் நண்பர், என் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால்தான் தபால்.

இவருக்கு இடுப்பில் ஓர் எலும்பு, கீழே இருக்கும் எலும்பின் மேலிருந்து முன்பக்கமாக நழுவிவிட்டது. ஒரு வருஷமாகவே வலி. பெருமாளைத் தூக்கும்போது வாகனத்தைத் தோளில் தாங்கும் தண்டில் தனக்கு ஜோடியாக நிற்கும் லோகேஷ் குள்ளம், அதனால் பாரமெல்லாம் தன்மேல் இறங்குகிறது என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். தோளுக்கு வைக்கும் துணி மெத்தையை இன்னும் தடியாகத் தைக்கச் சொன்னார். நானும் பழைய புடவையைக் கிழித்துத் திணித்துத் தைத்தேன். எங்கள் வைத்தியம் அவ்வளவுதான். போன வாரம் செவிலிமேடு போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றது கழன்றதே காலுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் ஸ்கேன்.

டாக்டரம்மா பிளாஸ்டிக் முதுகெலும்பை வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். முதுகுப் பக்கம் திறந்து, நழுவிய எலும்பில் இரண்டு, கீழ் எலும்பில் இரண்டு ஸ்குரூ இறக்கி, கம்பிகளால் இணைப்பார்களாம். நடுவில் எலும்புத் துண்டுகளை வைப்பார்களாம். இரண்டு எலும்பும் ஒட்டி ஒன்றாகும் வரை ஸ்குரூ பிடித்துக்கொண்டிருக்குமாம். நரம்பு நசுங்குகிறது, தள்ளிப் போட்டால் பாதத்தைத் தூக்கவே வராது, சிறுநீர் போவதுகூடத் தெரியாமல் போகலாம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர், "ஸ்குரூ போட்டுக்கினா திரும்ப தண்டு தூக்கலாம் இல்லம்மா?" என்றார். டாக்டரம்மா கூடாது என்று தலையாட்டினார்.

எனக்கும் மனசு ஆறவில்லை அண்ணா. கல்யாணமாகி வந்த வருஷம் வைகாசியில், விடியற்காலை கருட வாகனம் கோபுர வாசலைத் தாண்டியதும், எல்லோரும் பெருமாளைப் பார்க்க, நான் தண்டின் கீழே உங்களையும் இவரையும்தான் தேடினேன். ஒரே உயரம், ஒரே அடி. ஊரெல்லாம் சுற்றிவிட்டு, தோல் உரிந்த தோளோடு எங்கள் வாசலில் உட்கார்ந்து ஒரு குண்டான் மோரைக் காலி செய்தீர்களே! வெண்ணெய் தடவிக்கொண்டே, யார் அதிகம் சுமந்தது என்று சண்டை வேறு. எனக்கு அன்றைக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா. இவர் இதைத் தவிர எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

தீபாவளிக்குப் பேசும்போது, இந்த வைகாசிக்கு வருகிறேன், ஒரு முறை சேர்ந்து தூக்குவோம் என்று சொன்னீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். "குமாரவேலு வர்றான், அவன்கூட ஒரு தபா தூக்கிட்டு அப்பால ஆப்ரேஷன் பண்ணிக்கிறேன்" என்கிறார். வைகாசி வரை அந்தக் கால் தாங்காது. அழுதும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன்.

வருஷா வருஷம் உங்களை வா வா என்று கூப்பிட்ட வாயால் சொல்கிறேன். இந்த வைகாசிக்கு வராதீர்கள் அண்ணா. வர முடியாது என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள்மேல் கோபித்துக்கொள்வார். கொள்ளட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெருமாள் உங்கள் எல்லோரையும் நன்றாக வைக்கட்டும். அடுத்த வைகாசிக்குக் கட்டாயம் வாருங்கள். வாகனம் எங்களைத் தாண்டிப் போகும்போது, கூட்டத்தில் அவர் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். என்னால் தனியாக முடியாது.

அன்புத் தங்கை,
கலாவதி