மூன்று விரல் எஸ்ராவின் ஒரே இசைத்தட்டு

நியூ ஆர்லியன்ஸ்,
அக்டோபர் 1978, வியாழக்கிழமை

அன்பு நண்பன் ஆல்சிட்டுக்கு,

நூமா எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரி கார்மலீட்டும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மழை வருவதை முந்தின நாளே சொல்லிவிடுகிறது. வானொலியில் வானிலை சொல்கிறவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் என் முழங்காலை உட்காரவைக்கலாம்.

உன் மகள் வெர்னாவின் கடிதம் வந்தது. கோடையில் வந்த பக்கவாதம் உன் வலது கையையும் வலது காலையும் பேச்சையும் கொண்டுபோனது, இன்னும் திருப்பித் தரவில்லை என்று எழுதியிருக்கிறாள். படித்துக் காட்டினால் எல்லாம் புரிகிறதாம். ஆனால் நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாயாம், எதற்கும் அசைவதில்லையாம். ஊரையே பேச்சால் கட்டிப்போட்டவனுக்குப் பேச்சு போய்விட்டது என்று நினைத்தால் எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வெர்னா, இந்தக் கடிதத்தை நீதான் படித்துக் காட்டப்போகிறாய். நான் உன் அப்பாவை என்ன திட்டியிருந்தாலும் அப்படியே படி, நடுவில் மரியாதை எல்லாம் சேர்க்காதே.

நீ ஓக்லண்டுக்கு மகள் வீட்டுக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போன இசைத்தட்டுப் பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் முன்னறையில் என் பெட்டிகளுக்கு எதிர்ச்சுவரில் அடுக்கியிருக்கிறேன். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் என்றால்தான் முடியும். கார்மலீட் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு பைத்தியம் சேத்த பிளேட்டுக்கே துடைக்கத் துணி பத்தல, இப்ப ரெண்டாவது பைத்தியத்தோடதும் வந்து இறங்கியிருக்கா" என்றாள். சொன்னாளே தவிர, பஞ்சுத்துணி எடுத்து உன் பெட்டிகளைத்தான் முதலில் துடைத்தாள். இதை நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். உன் தட்டுகளை எழுத்து வரிசையில் அடுக்கலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை. எந்தப் பாடகருக்கு எந்தப் பாடகரைப் பிடிக்காதோ அவர்களைத் தள்ளித் தள்ளி வைப்பது உன் வழக்கம். ஒருவன் பெண்டாட்டியை இன்னொருவன் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இருவருக்கும் நடுவில் ஒரு தேவாலயப் பாடகியை உட்காரவைப்பாய். "பக்கத்துல பக்கத்துல வச்சா உறைக்குள்ளயே அடிச்சுக்குவானுங்கடா, அந்தக் கீறல யாரு சரி பண்றது?" என்பாய். இந்த வம்பு வழக்கெல்லாம் உன் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே நீ வைத்த வரிசையில் ஒன்றையும் நான் நகர்த்தவில்லை.

நேற்று உன் பழைய டிராமில் போனேன். இப்போது ஓட்டுகிற பையன் நல்லவன், ஆனால் காலடி மணியைத் தீயணைப்பு வண்டி மாதிரி அடிக்கிறான். நீ ஓட்டியபோது ஓக் மரங்களுக்குக் கீழே நிழலும் வெயிலுமாக வண்டி போகும், உன் இடது கால் மணியை மிதித்துக்கொண்டே இருக்கும். நான்கு அடித் தாளத்தில் இரண்டாவது அடியில், நான்காவது அடியில் மட்டும். காய்கறிக் கூடையோடு ஏறும் பெண்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டே இடம் தேடுவார்கள். ஒரு நாள் உன் பின்னால் நின்று நானும் கம்பியில் தாளம் தட்டினேன். நீ வண்டியை நிறுத்தி, எல்லார் முன்னாலும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாய்: "நூமா, நம்ம ஆளுங்கெல்லாம் ரெண்டுலயும் நாலுலயும் குடியிருக்காங்க. நீ ஒண்ணுலயும் மூணுலயும் போயி யாரடா தேடுற?" அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தத் தெருவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேற்று மரத்தடி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எதைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.

வெர்னா ஒன்று கேட்டிருக்கிறாள். உன் குரல் பதிவான தட்டு ஏதாவது என்னிடம் இருக்கிறதா, உன் குரலை நீயே கேட்டால் ஒருவேளை உள்ளே ஏதாவது விழித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்கிறார், இருந்தால் அனுப்புங்கள் என்கிறாள். இருக்கிறது. எது என்று உனக்குத் தெரியும். மூன்று விரல் எஸ்ரா.

வெர்னாவுக்கு இந்தக் கதை தெரியாது, அதனால் அவளுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஓனோரேயின் முடிதிருத்தும் கடை மூடியிருக்கும். அங்கே நாங்கள் சுவர் பார்க்கும் ஆட்டம் ஆடுவோம். தட்டின் நடுவில் இருக்கும் பெயரைப் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்துவிட வேண்டும். கண்டுபிடிக்க வேண்டியவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வேண்டும். பாட்டு முடிவதற்குள் வாசிப்பது யார், எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் அடுத்த வாரம் எல்லாருக்கும் கெளுத்தி மீன் பொரித்துக் கொண்டுவர வேண்டும். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மிஸ் யுலாலி ஒரு நாளும் மீன் பொரித்ததில்லை. நான்தான் கார்மலீட்டின் எண்ணெயைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு நீ ஒரு தட்டு போட்டாய், ஆல்சிட். ஓட்டைக் கிதார், குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கிழட்டுக் குரல். கேட்டதும் எனக்கு முதுகு சிலிர்த்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு பிரசங்கமே செய்தேன். மிசிசிப்பி பருத்திக்காட்டு வாசிப்பு என்றேன். ஐம்பது வருஷப் பழசு என்றேன். கம்பி விட்டு விட்டுக் கேட்கிறதே, வாசிக்கிறவனுக்கு இடது கையில் மூன்று விரல்தான் என்றேன். பெயர் எஸ்ரா என்றேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கர்த்தருக்கே வெளிச்சம். இவருடைய இன்னொரு தட்டு வீட்டில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். இசைத்தட்டு சேர்க்கிறவன் மட்டும்தான் இப்படிப் புளுகுவான், புளுகும்போதே அதை நம்பவும் செய்வான். பாட்டு முடிந்தது. கொஞ்ச நேரம் ஊசியின் இரைச்சல் மட்டும் இருந்தது. அப்புறம் தட்டுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது: "நூமா, போதும்டா. நாற்காலியத் திருப்பு, காப்பி ஆறுது."

ஏரிக்கரைப் பூங்காவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு இருந்ததே, காசு போட்டுப் பாடினால் அங்கேயே சின்னத் தட்டாக வெட்டிக் கொடுக்கும் கூண்டு. இரவல் கிதாரோடு அதற்குள் புகுந்து எனக்காகவே பாடியிருக்கிறாய். நான் என்ன புளுகுவேன், எவ்வளவு நேரம் புளுகுவேன் என்பதுவரை கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய். ஓனோரே சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தான். மிஸ் யுலாலி, "எஸ்ராவோட இன்னொரு ரெகார்ட எப்ப கொண்டாரீங்க?" என்று இன்றுவரை கேட்கிறார்.

அந்தத் தட்டை நான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன், உடைக்கப்போகிறேன் என்று சொல்லி. உடைக்கவில்லை. ஆனால் ஆல்சிட், அது கடையில் விற்கிற தட்டு மாதிரி கெட்டி இல்லை. அட்டையின்மேல் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். ஆயுள் முழுக்கச் சுவருக்குப் பூச்சு பூசியவன் நான், எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் உதிர்கிறது. கிதார் ஏற்கெனவே மழைக்குப் பின்னால் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. நீ ஓக்லண்ட் போன அன்று ஒரு முறை போட்டேன். அதற்கப்புறம் தொடவில்லை. இன்னும் நான்கைந்து முறை போட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

உன் குரலில் என் பெயர் இருக்கிற ஒரே இடம் அது. அதனால் வெர்னா கேட்டதை அனுப்ப எனக்கு மனமில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். ரெகார்டையும் பல்செட்டையும் யாருக்கும் இரவல் தராதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். நாளை யோசித்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை

நாளை என்றேன், திங்கள் ஆகிவிட்டது. அடுப்பில் சிவப்பு அவரை வெந்துகொண்டிருக்கிறது, சோறு இன்னும் வடிக்கவில்லை. அதற்குள் நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எஸ்ராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓனோரேயின் கடைக்குப் போனேன். எப்போதும் எட்டிப்பார்க்காத கார்மலீட்டும் கூட வந்தாள். ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி, கடைக் கண்ணாடிகள் எல்லாம் பால் பூசியதுபோல் இருந்தன. எங்கேயோ ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. வெர்னா கேட்டதைச் சொன்னேன். தட்டு தேய்ந்துவிடும் என்பதையும் சொன்னேன். ஓனோரே, "அப்ப அனுப்பாத. கெழவன் வந்து கேட்டா பாத்துக்கலாம்" என்றான். மிஸ் யுலாலி சிக்கரி காப்பியை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏங்க நூமா, பிளேட்டு தேயுறது மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியுது. அங்க மனுஷன் தேயுறாரே, அது தெரியலயா?" என்றார்.

நான் தட்டை எடுத்துச் சுழலவிட்டேன். ஊசியைக் கையில் பிடித்தேன், இறக்கவில்லை. இறக்கினால் உனக்கு ஒரு முறை குறைந்துவிடுமே. தட்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மிஸ் யுலாலி தானாகவே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்தார். அப்போது எனக்குக் கேட்க ஆரம்பித்தது, ஆல்சிட். அந்த ஓட்டைக் கிதார், கிழட்டுக் குரல், நீ மூச்சு வாங்குகிற இடம், ராட்டினத்தில் குழந்தைகள் கத்துகிற இடம், எல்லாம் ஒன்று விடாமல் கேட்டது. ஓனோரேயின் செருப்பு தரையில் அடித்துக்கொண்டிருந்தது. பனிமூட்டத்துக்குள் நாங்கள் எல்லாரும் எங்கேயோ மிதந்துபோகிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாட்டு முடிகிற இடம் வந்தது, ஊசி இரையும் இடம் வந்தது. அடுத்த நொடி, நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்தில், மூன்று பேரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கார்மலீட்கூட. அந்தப் பாட்டை இவள் எப்போது இவ்வளவு மனப்பாடம் செய்தாள்?

கடைசியில் ஓனோரே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் கேட்ட ரெகார்டுலயே இதுதான் சுத்தம். ஒரு கீறல் இல்ல" என்றான். சிரித்தோம். எனக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது.

ஆகவே எஸ்ரா வருகிறார். தட்டைவிடப் பெரிதாக இரண்டு அட்டை வெட்டி நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். பெயரைப் பழுப்புக் காகிதத்தால் மறைத்திருக்கிறேன், ஆட்டத்துக்கு விதி விதிதான். வெர்னா, கத்தியால் பிரிக்காதே, கையால் பிரி. ஊசிமுனைத் தூசியை ஊதிவிட்டு, ஊசிக்கரத்தின் எடையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து வை. தேய்ந்துவிடுமே என்று பயந்து பெட்டிக்குள் பூட்டிவிடாதே, அந்தத் தப்பை ஏற்கெனவே நான் செய்தாகிவிட்டது.

வருகிற ஞாயிறு கடைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருப்போம். இங்கே மணி நான்கு ஆகும்போது உங்கள் ஊரில் இரண்டு. இரண்டும் நான்கும், உனக்குப் பிடித்த எண்களாகவே அமைந்துவிட்டன. அந்த நேரம் வெர்னா எங்களைக் கூப்பிட்டு, தட்டைப் போட்டுவிட்டு, தொலைபேசியை உன் இடது காலுக்குப் பக்கத்தில் தரையில் வைக்கட்டும். கம்பளம் விரித்திருந்தால் சுருட்டட்டும். டிராம் ஓட்டும்போது போடுவாயே, அந்தக் கனத்த காலணியை மாட்டிவிடட்டும்.

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வாசிப்பது யார் என்று நீ சொல்ல வேண்டாம், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். பேச்சு வரும்போது வரட்டும். காலால் ஒரு தட்டு தட்டு, அது போதும். கர்த்தர் உன் இடது காலை ஆசீர்வதிக்கட்டும் என்று மிஸ் யுலாலி நேற்றே ஜெபம் செய்துவிட்டார், அவர் ஜெபத்தில் உறுப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

இரண்டிலும் நான்கிலும் கால் விழாமல் போனால் வெட்கப்படாதே, ஆல்சிட். ஒன்றில் தட்டு, இல்லை மூன்றில் தட்டு. அங்கே யாரும் இல்லை என்று நினைத்துவிடாதே. இத்தனை வருஷமாக நான் அங்கேதானே குடியிருக்கிறேன்.

என்றும் உன்,
நூமா