அழும் முகத்துப் பக்கம்

ஃபால்கர்க்
மே 3

அன்புள்ள நெட்டா,

நீண்ட ஆலோசனைக்குப் பின், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எடின்பரோவிலிருந்து ரயிலில் வரும்போது நீ நம் ஊரில் இறங்கக் கூடாது. முந்தைய நிறுத்தமான போல்மான்ட்டில் இறங்க வேண்டும்.

காரணம் உனக்கே தெரியும். கால்வாய்ப் பாலத்தின் வளைவில் கல்லில் செதுக்கிய முகங்கள்: கிழக்குப் பக்கம் சிரிக்கும் முகம், மேற்குப் பக்கம் அழும் முகம். கால்வாயைச் சமவெளியில் வெட்டிய ஒப்பந்தக்காரன் சிரித்தான், குன்றைக் குடைய வேண்டியிருந்தவன் அழுதான் என்று பள்ளியில் சொன்னார்கள். நாம் இளம் வயதில் ஊர்ப் பக்கமிருந்து கால்வாய்ச் சுரங்கம் வழியே நடந்துபோய், அழுகிறவனுக்குக் கீழே நின்றோம். அங்கேதான் கல்யாணத்துக்குக் கேட்டேன். மாட்டேன் என்றாய். டக்ளஸைக் கட்டிக்கொண்டு கடல் கடந்து ஹாலிஃபாக்ஸ் போய்விட்டாய். காலமான டக்ளஸ் நல்ல மனிதர். குற்றம் கல்லுடையது.

இம்முறை போல்மான்ட்டிலிருந்து கால்வாய்க் கரையோரமாக நடந்து வா. சிரிக்கிறவனுக்குக் கீழே நிற்பேன். அதே கேள்விதான்.

பிறகு, படகை மேல் கால்வாய்க்குத் தூக்கும் ராட்சதச் சக்கரத்தில் ஏறுவோம். அது வந்த நாளிலிருந்து நான் ஏறியதில்லை. விருந்தாளி இல்லாமல் உள்ளூர்க்காரன் ஏறினால் ஊர் சிரிக்கும்.

உன்
வால்டர்

ஹாலிஃபாக்ஸ்
மே 16

அன்புள்ள வால்டர்,

உன் கடிதத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். "அம்மா, அவரு உன்னக் கேக்குறாரா, பாலத்தக் கேக்குறாரா?" என்றாள். இங்கே பிறந்தவள், நம் ஊர் ஆண்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

வருகிறேன். ஜூன் பதினைந்தாம் தேதி இங்கே திரும்பி வர டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நில். உனக்குச் சளி பிடித்தால் தெருவே தூங்க முடியாது.

நெட்டா

உன் சமையலறை மேசை
ஜூன் 16

அன்புள்ள வால்டர்,

நீ ரொட்டி வாங்கப் போயிருக்கிறாய். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதி வைக்கிறேன்.

வந்த அன்று நான் வேண்டுமென்றேதான் ஊரில் இறங்கினேன். சுரங்கத்தில் தலையெல்லாம் சொட்டச் சொட்ட நடந்து அழுகிறவனிடம் வந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. நாயோடு வந்த யாரோ ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாய்.

"போல்மான்ட் பக்கமிருந்து ஒரு அம்மா வர்றாங்களா, பாத்தீங்களா?"

"காலையிலயும் இதத்தான் கேட்டீங்க பெரியவரே. நனையிறீங்க, வீட்டுக்குப் போங்க."

"இங்கேர்ந்து நகர முடியாதும்மா. விஷயம் இந்த மூஞ்சியிலதான் இருக்கு."

"யாரு மூஞ்சியில?" என்றாள் அவள். நல்ல கேள்வி.

"வால்டர், நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்றேன்.

"ஐயோ, அங்க நிக்காத நெட்டா! இங்க வா!"

"நீ வா."

துடுப்புப் படகு ஒன்று நம் இருவரையும் கடந்து போனது. பிறகு வளைவுக்குள் குனிந்து நீ வந்தாய். அழுகிறவனுக்குக் கீழேயே நின்று கேட்டாய்.

இம்முறை என்னைப் பார்த்துக் கேட்டாய். இளம் வயதில் கல்லைப் பார்த்துக் கேட்டாய், வால்டர். அதனால்தான் மாட்டேன் என்றேன். அந்த முகத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை.

சக்கரத்தின் உச்சியில் நீ கண்ணை மூடிக்கொண்டதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வெண்ணெய் தீர்ந்துவிட்டது, மறுபடி போக வேண்டியிருக்கும். ஹாலிஃபாக்ஸ் விமானம் நான் இல்லாமலே நேற்று மாலை நான்கு மணிக்குக் கிளம்பியது.

நெட்டா