நீ வாங்கித் தந்த ஏர் கன்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் அப்பா வலது கையில் மாவுக்கட்டோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும்போது எப்படி எழுதுவது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக உன்னிடம் போனில் சொன்னாரே, பச்சைப் பொய்.

வெள்ளம் வந்த வாரம் தெருவே காலி, கரண்ட் இல்லை, போனும் செத்துவிட்டது. மாடி வீட்டு டீச்சர் மட்டும் வீட்டுக்காரரோடு மேலே இருந்தார், எங்களையும் மேலே வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தார். உன் அப்பா கேட்டால்தானே. நீ போன தடவை வந்தபோது வாங்கித் தந்த ஏர் கன் இருக்கும்போது எவன் வருவான் என்று வீராப்பு. அந்தத் துப்பாக்கியை ஒவ்வொரு தடவை சுடுவதற்கும் குழலைப் பிடித்து மடக்க வேண்டும், அவருக்கோ பஸ் டிப்போவில் ஜாக்கி தூக்கித் தூக்கித் தோள் போய்விட்டது. அதனால் முட்டியில் வைத்து மடக்குவது நான், குண்டு போடுவது நான், சுடுவது மட்டும் துரை. பின்கட்டில் தகர டப்பாவை வைத்து இப்படித்தான் எங்கள் பயிற்சி நடக்கும். டப்பா விழுந்தால் அவர் குறி, விழாவிட்டால் நான் சரியாக மடக்கவில்லை. ஆட ஆரம்பித்துவிட்ட சமையலறைத் தாழ்ப்பாளை மாற்றுங்கள் என்று நான் கத்தியதெல்லாம் காற்றோடு போச்சு, துப்பாக்கிதான் இருக்கிறதாமே.

அந்தக் கதவை நெம்பிக்கொண்டுதான் பட்டப்பகலில் ஒருவன் வந்தான், கையில் கடப்பாரை. அவன் கண் கேஸ் சிலிண்டர் மேல் இருந்தது, தூக்கிக்கொண்டு போய்த் தொலையட்டும் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன். நாலு எட்டு வைத்தால் மாடிப்படி. அவர் என் கையை உதறிவிட்டு, முன்கூட்டியே என்னை மடக்கிக் குண்டு போட்டு வைக்கச் சொல்லியிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குறி தப்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குண்டு அவனுடைய தடித்த மழைக்கோட்டில் பட்டுக் கீழே விழுந்தது. அவன் கொசு கடித்த மாதிரி தோளைத் தடவிக்கொண்டான். அதுவரை பயந்து பயந்து வந்தவனுக்கு அப்போதுதான் வெறி ஏறியது. உன் அப்பா துப்பாக்கியை என்னிடம் நீட்டி, மடக்குடி மடக்குடி என்கிறார். நான் மடக்கி முடிப்பதற்குள் கடப்பாரை அவர் மணிக்கட்டில் இறங்கிவிட்டது. தலையில் இறங்கியிருந்தால்? என் அலறல் கேட்டு டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் கத்திக்கொண்டே இறங்கி வந்த பிறகுதான் அவன் ஓடினான்.

இவ்வளவு பட்டும் புத்தி வந்ததா என்றால் இல்லை. இதைவிடப் பவரானது கிடைக்குமா என்று உன்னிடம் கேட்க வேண்டுமாம். தகர டப்பா திரும்ப அடிக்காது, ஆள் அடிப்பான். கண்ணில் பட்டிருந்தால் ஒரு சிலிண்டருக்காக அவன் குருடாகியிருப்பான், அந்தப் பாவமும் நமக்கு. அவனிடம் நிஜத் துப்பாக்கி இருந்திருந்தால் நம்முடையது விளையாட்டுச் சாமானா என்று பார்த்துவிட்டா சுடுவான்? இதையெல்லாம் யோசிக்காமல் வாங்கித் தந்த உன் மேலும் எனக்குக் கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தாழ்ப்பாளை நானே ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றிவிட்டேன்.

கட்டுப் போட்டு வந்த அன்று, ஏன் என் கூட ஓடி வரவில்லை என்று கேட்டேன். சின்னவன் எனக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கித் தந்திருக்கான், அதைக் கையில வச்சுக்கிட்டே ஓடினேன்னு தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பான் என்றார்.

குட்டிக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று பேரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் அவருக்குப் போன் போடு. நான் இதையெல்லாம் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, கையைப் பற்றியும் கேட்காதே. அப்பா, எவனாவது வந்தா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஓடிடுங்க, நீங்க ஓடினீங்கன்னு கேட்டா எனக்குப் பெருமையா இருக்கும் என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா